பதினாலாம் நம்பர் கரிக்கதவு

அப்பா வருவதற்குள் அந்தப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிவிட வேண்டும். இரண்டு மணிக்குக் கண்காட்சியைத் திறந்து வைக்கப்போவதே அவர்தான். மணி ஒன்றரை. கொக்கி எங்கே இருக்கிறதென்று கையால் துழாவிக்கொண்டிருந்தேன். பின்னால், அப்பாவோடு சுரங்கத்தில் வேலை பார்த்த டெரிக் ஸ்டோப் வந்து நின்றார்.

"என்னம்மா கிளெண்டா, இவ்வளவு அவசரமா கழட்டுற? நல்ல படம்தானே. நாலு பேரு பாக்கட்டும்."

பாவி மனுஷன், பார்த்துவிட்டார்.

தப்பு என்னுடையதுதான். எங்கள் ஊர் மருந்துக்கடைக்காரர் ஹெதரிங்டன் நாற்பது வருஷம் எடுத்துத் தள்ளிய புகைப்படங்களை அவருடைய மகள் இரண்டு செருப்புப் பெட்டிகளில் போட்டு என்னிடம் கொடுத்தாள். விசேஷமான படம் என்று ஒன்றும் கிடையாது. மீன் வறுவல் கடை வரிசை, வாசற்படி தேய்க்கும் பெண்கள், தள்ளுவண்டியில் அழும் குழந்தை, இப்படித்தான். அவற்றில் நாற்பதைப் பொறுக்கி, சுரங்கத் தொழிலாளர் மன்றத்துக் கூடத்தில் மாட்டலாம் என்று நான்தான் சொன்னேன். இந்தப் படத்தைத் துணிக்கொடிக்காகத் தேர்ந்தெடுத்தேன். 1985 ஜனவரி, பின்சந்து முழுக்கப் பனி. கொடியில் சட்டைகள் விறைத்துக் கையை நீட்டியபடி தொங்குகின்றன. தீப்பெட்டி அளவில் பார்த்தபோது எனக்குச் சட்டைகள்தான் தெரிந்தன. அச்சுக்கடைக்காரன் அதைக் கதவு அகலத்துக்குப் பெரிதாக்கிக் கொடுத்துவிட்டான். இன்று மதியம் மாட்டிவிட்டு நாலடி தள்ளி நின்று பார்த்தபோதுதான் அதன் மூலையைக் கவனித்தேன்.

எங்கள் ஊரில் பிறந்த யாருக்கும் அந்த மூலையை விளக்க வேண்டியதில்லை. சுரங்கத்தில் வேலையில் இருப்பவன் வீட்டுப் பின்வாசலில் மாதம் ஒரு முறை லாரி வந்து இலவசக் கரியைக் கொட்டிவிட்டுப் போகும். இருட்டுவதற்குள் அள்ளி, மதிலில் இருக்கும் சின்னக் கரிக்கதவு வழியாக உள்ளே எறிந்துவிட வேண்டும். நாடு முழுக்கச் சுரங்க வேலைநிறுத்தம் நடந்த அந்த வருஷம் எங்கள் சந்தில் யார் வாசலிலும் குவியல் கிடையாது. கடைசியில் ஒரே ஒரு வாசலில் விழுந்தது, பதினைந்தாம் நம்பரில். மறியல்காரர்கள் எறியும் கல் படாமலிருக்கக் கம்பிவலை போட்ட பஸ்ஸில் ஏறி, வேலைநிறுத்தத்தை உடைத்து நவம்பரில் வேலைக்குத் திரும்பிய நெவில் சித்தப்பாவின் வீடு அது.

சித்தப்பா என்றால் அப்பாவின் கூடப் பிறந்த ஒரே தம்பி. நாங்கள் பதினாலாம் நம்பர். அன்றோடு பேச்சுவார்த்தை அறுந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் பக்கத்து வாசலிலிருந்து அவருடைய சவ வண்டி கிளம்பியபோதுகூட அப்பா முன்னறைத் திரையை இழுத்துவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார். நானாவது போயிருக்கலாம். போகவில்லை.

படத்தில் சித்தப்பா குனிந்து மண்வாரி நிறையக் கரியை வீசுகிறார். வீசுவது அவர் வீட்டுக் கரிக்கதவுக்குள் அல்ல, எங்கள் வீட்டுக்குள். கதவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பது என் அம்மா.

அம்மா தினமும் காலையில் பழைய தள்ளுவண்டியோடு சுரங்கத்துக் கழிவுமேட்டுக்குப் போய்க் கரி பொறுக்கி வருவதாகத்தான் எங்களுக்குச் சொல்லியிருந்தாள். எனக்கு அப்போது பதினாலு வயது. அந்தக் குளிரில் எங்கள் வீடு மட்டும் கதகதப்பாக இருந்ததை அம்மாவின் சாமர்த்தியம் என்று நினைத்துப் பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டேன்.

"அந்த ஜனவரில என் பொண்டாட்டி மாடிப்படிக் கைப்பிடிய உடைச்சு எரிச்சா, தெரியுமா? கைக்குழந்தை வீட்டுல," என்றார் டெரிக். குரலை உயர்த்தவில்லை. "சங்கச் செயலாளர்னு உங்கப்பாகிட்ட போய் நின்னேன். கோட்டைப் போட்டுக்கிட்டுத் தூங்குங்க, தாக்குப்பிடிங்கன்னாரு."

"அப்பாவுக்குத் தெரியாது டெரிக். விடியக்காலை நாலு மணிக்கே மறியலுக்குக் கிளம்பிடுவாரு. அம்மா மறைச்சிருக்காங்க. எம்பத்தஞ்சு வயசு மனுஷன். விட்டுடுங்க, கும்பிட்டுக் கேக்குறேன்."

அவர் பதில் சொல்வதற்குள் வாசற்கதவு திறந்தது. எதற்கும் அரை மணி முன்னதாக வந்து நிற்பது அப்பாவின் பழக்கம். கழுத்துப்பட்டை கட்டி, சங்கத்துப் பித்தளை வில்லையைக் குத்திக்கொண்டு வந்திருந்தார். பின்னாலேயே பழைய ஆட்கள் முப்பது நாற்பது பேர். "என்ன வில்ஃப், ராணி மாதிரி ரிப்பன் வெட்டப்போற, கையுறை எங்கப்பா?" என்று யாரோ கிண்டல் செய்ய, எல்லோரும் சிரித்தார்கள்.

நான் படத்தின் முன்னால் போய் நின்றேன். கதவு அகலப் படத்தை முதுகால் எப்படி மறைப்பது? அப்பா என் தோளைப் பிடித்து மெதுவாக ஒதுக்கினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூலையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். சிரித்துக்கொண்டு வந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தர் பின் ஒருத்தராகப் பேச்சு நின்றது.

"வில்ஃப் அண்ணே, அது யாருன்னு தெரியுதா?" என்றார் டெரிக்.

"தெரியாம என்ன. என் தம்பி நெவிலு."

அந்தப் பெயரை அவர் வாயால் கேட்டு நாற்பது வருஷம் ஆகிறது.

"கரி எங்க போவுது?"

"என் வீட்டுக்கு."

"அப்பாவுக்கு எதுவுமே தெரியாது," என்று கத்தினேன். "கழிவுமேட்டுல பொறுக்குனதுன்னு அம்மா சொன்னாங்க. நாங்க நம்பினோம், அவ்வளவுதான்!"

அப்பா ஆமென்று தலையை ஆட்டினால் போதும். எல்லோரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள், டெரிக்கும்கூட. அப்பா கண்ணாடியைக் கழற்றி மடக்கிப் பையில் வைத்தார்.

"சும்மா இரு கிளெண்டா. முப்பது வருஷம் கரி வெட்டுனவன் நான். மேட்டுக் கரின்னா பாதி கல்லு. படபடன்னு வெடிக்கும், வீடே புகையாயிடும். இது சத்தமே இல்லாம நின்னு எரிஞ்சுது. முதல் நாளே தெரிஞ்சுபோச்சு." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "தெரிஞ்சுதான் காலை நீட்டிக் குளிர் காஞ்சேன். மறுநாள் அவன் பஸ் வந்தப்ப, கருங்காலின்னு முதல்ல கத்துனதும் நான்தான்."

சொல்லிவிட்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். அந்த வரிசையில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்த இரண்டு பேர் எழுந்து, மீன் வறுவல் கடைப் படத்தை அப்போதுதான் பார்ப்பதுபோலப் பார்க்கப் போனார்கள். அவர்களோடு இன்னும் ஐந்தாறு பேர் நகர்ந்தார்கள். எனக்கு அப்பாமேல் கோபம் கோபமாக வந்தது. சித்தப்பாவுக்காகவா, அம்மாவுக்காகவா, டெரிக்கின் கைக்குழந்தைக்காகவா என்று எனக்கே பிடிபடவில்லை.

மன்றத்தில் தேநீர் போடும் மேவிஸ் சமையலறையிலிருந்து ஒரு கோப்பையோடு வந்தாள். ஆரம்பத்திலிருந்தே உள்ளே நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அப்பாவுக்கு எப்போதும்போல இரண்டு கரண்டி சர்க்கரை போட்டது. பாதி தூரம் வந்து, கூடத்தின் நடுவில் நின்றுவிட்டாள். கோப்பையிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. கொடுக்கலாமா என்று கேட்பதுபோல மற்றவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.