மேகத்துக்கு வசனம் இல்லை

அன்று மாலை சாப்பாட்டு மேஜையைச் சுற்றி யார் யார் இருந்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜன்னல் பக்கம் என் கணவர், எலக்ட்ரீஷியன். அவருக்கு எதிரே அவருடைய அக்கா, எனக்கு அண்ணி, ஆஸ்பத்திரியில் நர்ஸ். டியூட்டி முடிந்து வந்ததும் காலை ஒரு முக்காலியின் மேல் நீட்டிக்கொள்வார். அந்த முக்காலி நான் உட்காருவது என்பதால் நான் அடுப்போரம் நின்றுகொண்டிருந்தேன். சின்னவன் உருண்டை அப்பா மடியில். மீதி இருந்த நாற்காலியில் பெரியவள், ஆறு வயது. அவளை இவர் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார். காலையில் கண் விழித்ததும் ஒலிபரப்பு தொடங்கும், தூங்கினால்தான் நிற்கும்.

அன்று மட்டும் ரேடியோ பேசவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏனென்றால் சாயங்காலம் அவளைக் கூட்டிவரப் போனபோது டீச்சர் என்னிடம் சொன்னதை அவளும் கேட்டிருந்தாள்.

"வகுப்புல ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறா. வாசிக்கச் சொன்னா குனிஞ்சுக்கறா. அவளுக்கு வாசிக்கத் தெரியுமான்னே எனக்குத் தெரியல."

"வீட்டுல நல்லா வாசிக்கறாளே டீச்சர்."

"எல்லா அம்மாவும் அதைத்தாங்க சொல்றாங்க. பரீட்சையில வாய்விட்டு வாசிக்கணும். இல்லன்னா இதே வகுப்புல இன்னொரு வருஷம் உட்கார வேண்டியதுதான்."

டீச்சர் கெட்டவள் இல்லை. சின்னப் பெண். தொண்டை கட்டிப்போயிருந்தது. போகும்போது என்னைக் கூப்பிட்டு, "ஆண்டு விழா நாடகத்துல அவளும் இருக்கா. மேகம். வசனம் கிடையாது, வந்து நின்னா போதும்" என்று ஆறுதலாகச் சொன்னாள்.

மேஜையில் இதை நான் சொன்னதும் அண்ணி முக்காலியிலிருந்து காலை எடுத்தார். "நம்ம வீட்டு ரேடியோவா? இவ வாயை மூட நான் பஞ்சு கொண்டுவரலாம்னு இருந்தேன்."

"வாசல்படி தாண்டினா ஸ்விட்ச் ஆஃப் ஆயிடுது அக்கா" என்றார் இவர். "எங்கயோ லூஸ் கனெக்‌ஷன்."

"உனக்கு எல்லாம் கனெக்‌ஷன்தான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வந்து நின்றால் போதும் என்றது எனக்குள் முள் மாதிரி இருந்தது. நிற்க மட்டும் ஒரு பிள்ளையா? அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். என் மகள் பேசாத மேகமாக இருக்கட்டும், ஆனால் பெய்கிற மேகமாக இருக்கட்டும்.

*

அந்த வீட்டில் இருந்தது ஒரே ஒரு மேஜை. அதில்தான் சாப்பாடு, அதில்தான் இஸ்திரி, அதில்தான் இவர் பழுதான மின்விசிறிகளைப் பிரித்துப் போடுவார். மத்தியானம் உருண்டை தூங்குகிற நேரம் மட்டும் அது என்னுடையது. இன்று நினைத்தாலும் அந்த நேரத்தின் வாசனை எனக்குத் தெரிகிறது: மாவில் காய்ச்சிய பசை, ஜன்னல் வழியாக வரும் வெயில், கீழே டயர் கடையின் ரப்பர். பிஸ்கட் டப்பா நிறையப் பொத்தான்கள் வைத்திருந்தேன். நுனியில் மட்டும் வெட்டுகிற ஒரு கத்தரிக்கோல். டீத்தூள் பாக்கெட்டுகளின் உள்ளே இருக்கும் வெள்ளித்தாளைக் கழுவி, கரண்டியின் பின்பக்கத்தால் தேய்த்துத் தேய்த்துச் சுருக்கம் எடுத்து, பழைய நாட்காட்டிக்குள் அடுக்கி வைத்திருந்தேன். எதற்கு என்று அண்ணி கேட்டதற்கு, "எதுக்காவது ஆகும்" என்றேன். "உன் எதுக்காவது ஒரு நாள் நம்மள வீட்டை விட்டு வெளியே தள்ளிடும்" என்றார்.

இப்போது ஆயிற்று. அண்ணியின் பழைய குடை ஒன்று கம்பி வளைந்து கதவுக்குப் பின்னால் கிடந்தது. அதை விரித்து, மேலே பஞ்சைக் கொத்துக் கொத்தாக வைத்துத் தைத்தால் மேகம். கீழே ரேடியோ நிற்பாள், இடுப்பு வரை மறைந்துவிடும். மறைந்தால் பயமும் பாதி போய்விடும். குடையின் உள்பக்கம் ஒரு துணியைத் தொட்டில் மாதிரி கட்டினேன். நூலில் கோத்த வெள்ளித்தாள் துண்டுகளை அதற்குள் சுருட்டி வைத்து, இழுத்தால் அவிழ்கிற மாதிரி ஒரு முடிச்சு. முடிச்சின் நுனி நீளமாகக் கீழே தொங்கும். அதன் முனையில் ஒரு சிவப்புப் பொத்தான், கைக்குத் தட்டுப்படுவதற்கு. பொத்தானை இழுத்தால் தொட்டில் அவிழும், மழை சரசரவென்று இறங்கும்.

முதல் தடவை இழுத்துப் பார்த்தபோது உருண்டை விழித்து உட்கார்ந்து கைதட்டினான். நான் மறுபடியும் சுருட்டி, மறுபடியும் இழுத்தேன். வேலை முடிந்துவிட்டது என்று எனக்கே தெரியும். ஆனாலும் அன்று மத்தியானம் முழுக்க அதையேதான் செய்துகொண்டிருந்தோம், நானும் அவனும்.

பஞ்சு மட்டும்தான் கொஞ்சம் இடித்தது. குடை பெரியது. கடைக்குப் போகாமல் வேலையை முடிக்க ஒரு வழி இருந்தது. தலையணைகளின் ஓரத்தைப் பிரித்து ஆளுக்கு ஒரு பிடி எடுத்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அண்ணிக்குத் தூக்கம் லேசு, அவருடையதில் கை வைக்க முடியாது. பிள்ளைகளுடையது பாவம். இவர் படுத்தால் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டார். ஆகவே பெரும்பாலும் இவருடையதிலிருந்தே எடுக்கும்படி ஆயிற்று.

சில நாளில் இவர் கழுத்தைத் திருப்பாமல் உடம்போடு சேர்த்துத் திரும்ப ஆரம்பித்தார்.

"ஏணி மேல நின்னு அண்ணாந்து பார்த்தா அப்படித்தான் பிடிச்சுக்கும்" என்று அண்ணி தைலம் தேய்த்தார். "ஆஸ்பத்திரிக்கு வா, டாக்டர்கிட்ட காட்டலாம்."

நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அவ்வளவு சுத்தமாக என்றைக்கும் கழுவியதில்லை.

ஒரு வாரம் கழித்து அவரைச் சாய்த்து உட்கார வைக்க அண்ணி தலையணையைத் தூக்கினார். அது அவர் கையில் துண்டு மாதிரி மடிந்து தொங்கியது. "டேய், இது தலையணையா, வெறும் உறையா?" என்றார். பிறகு மெதுவாகத் தலையை நிமிர்த்தினார். துணிக்கொடியில் மேகம் பெருத்துப்போய்த் தொங்கிக்கொண்டிருந்தது.

இவரும் பார்த்தார். கழுத்து வலியோடு சிரமப்பட்டுத்தான் பார்த்தார். "அப்போ என் தலைக்கு மேல இருக்கறதெல்லாம் என் தலைக்குக் கீழ இருந்ததா?"

"விழா முடிஞ்சதும் திருப்பி வெச்சுடறேங்க."

"இவ ரொம்ப சாமர்த்தியக்காரிடா" என்றார் அண்ணி. "நான் ஒரு வாரமா தைலத்தை வீணாக்கிட்டு இருக்கேன்."

ரேடியோவுக்கு மேகத்தை ரொம்பப் பிடித்துவிட்டது. குடைக்குள் நின்றுகொண்டு சமையலறைக்கும் படுக்கையறைக்குமாகப் பெய்துகொண்டே இருந்தாள். யார் யார் மேல் மழை விழலாம், யார் தள்ளி நிற்க வேண்டும் என்று உத்தரவு வேறு. விழாவுக்கு வருகிறாயா என்று கேட்டால் மட்டும் குடையை இன்னும் தாழ்த்திக்கொள்வாள். கடைசியில் முந்தின நாள் என் காதில் வந்து கேட்டாள்: "பேச வேண்டாம்தானே?"

"வேண்டாம். பொத்தானை இழு, போதும்."

"சத்தியமா?"

"சத்தியமா."

*

இவரைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டேன். தொங்குகிற நூல், கயிறு, நாடா எதைக் கண்டாலும் இவருக்குக் கை சும்மா இருக்காது. ஒயர் தொங்கினால் ஆபத்து என்று தொழிலில் பழகிய கை. எங்கள் வீட்டுத் திரைச்சீலைக் கயிறு, பையின் வார், மகளின் ரிப்பன் எல்லாவற்றிலும் இவருடைய முடிச்சு இருக்கும். அதுவும் ஒன்றல்ல, ஒன்றின் மேல் ஒன்று. ரிப்பனை அவிழ்க்க முடியாமல் நான் கத்தரிக்கோல் தேடினால் ரேடியோ தடுத்து, "மேல இருக்கறதை முதல்லம்மா" என்று தானே நகத்தால் பிரிப்பாள்.

விழாவன்று நான் உருண்டையையும் பெரியவளையும் கூட்டிக்கொண்டு முன்னால் போய்விட்டேன். மேகத்தை பஸ்ஸில் எடுத்துவரும் பொறுப்பு இவருக்கு. பஞ்சில் கை படக்கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். நூலைப் பற்றி ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. பஞ்சில் ஒரு கறைகூட இல்லாமல் கொண்டுவந்து சேர்த்தார். டீச்சர் அதை வாங்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போனாள்.

இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தோம். ஓரத்தில் அண்ணி, நடுவில் நான், என் மடியில் உருண்டை, எனக்கு அந்தப் பக்கம் இவர். மேடையில் வாடிப்போன செடிகளாகப் பிள்ளைகள் மண்டியிட்டிருந்தார்கள். தோட்டக்காரப் பையன் தகரப் பூவாளியைக் கவிழ்த்துக் காட்டி, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை என்றான். பிறகு வானத்தைப் பார்த்து, "மேகமே மேகமே, மழை தருவாயா?" என்றான்.

மேகம் வந்தது. கூடத்தில் ஒரு ஆச்சரிய முணுமுணுப்பு எழுந்தது. குடைக்குக் கீழே இரண்டு கால் மட்டும் தெரிந்தது.

மழை வரவில்லை.

பையன் மறுபடியும் கேட்டான், "மேகமே மேகமே, மழை தருவாயா?" குடை இப்படியும் அப்படியும் ஆடியது. உள்ளே ஒரு கை துழாவுவது தெரிந்தது. ஒரு செடி முதுகைச் சொறிந்துகொண்டது.

"நூல் எங்கங்க?" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"தொங்கிட்டு இருந்துச்சு" என்றார் இவர். "பஸ்ல யார் மேலயாவது மாட்டிக்கப் போகுதேன்னு மேல சுருட்டிக் கட்டிட்டேன்."

"எத்தனை முடிச்சு?"

இவர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. நான் பாதி எழுந்துவிட்டேன். இனி அழுவாள், ஓடுவாள், பிறகு எந்த மேடையிலும் எந்த வகுப்பிலும் வாயைத் திறக்க மாட்டாள். நான் செய்த பொம்மை விளையாட்டு அவளை அங்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டது. அண்ணி என் கையைப் பிடித்து இழுத்தார். "உட்காரு. நீ போனா அவ்வளவுதான்."

அப்போது குடைக்குள்ளிருந்து எங்கள் வீட்டுக் குரல் கேட்டது. சாப்பாட்டு மேஜையில் கேட்கிற அதே குரல், அதே சத்தம்.

"இருங்க, முடிச்சு விழுந்திருக்கு."

வாடிய செடிகள் தலையைத் திருப்பிப் பார்த்தன.

"இது எங்கப்பா போட்டது. ரெண்டு முடிச்சு இருக்கு. இந்தா, நீ கொஞ்சம் இதைப் பிடி."

தோட்டக்காரப் பையன் பூவாளியைக் கீழே போட்டுவிட்டுக் குடைக் கைப்பிடியைப் பிடித்தான். இரண்டு கையும் காலியானதும் அவள் நுனிக்காலில் நின்றாள். ஒரு செடி எழப் பார்த்தது. "நீ ஏன் எழுந்துக்கறே? இன்னும் மழையே பெய்யலை. உட்காரு. மேல இருக்கறதை முதல்ல பிரிக்கணும். எங்கம்மா கத்தரிக்கோல் எடுப்பாங்க, எடுக்கக் கூடாது. ம்... ஒண்ணு வந்துடுச்சு. நீ ஆட்டாதே, நேரா பிடி."

கூடம் சிரிக்க ஆரம்பித்தது. சிரிப்பைக் கேட்டு நின்றுவிடுவாள் என்று பயந்தேன். அவள் நிற்கவில்லை. வேலையில் இருந்தாள். இரண்டாவது முடிச்சு பெரியது என்றாள், அப்பா கை பெரியது என்றாள். பிறகு திடீரென்று சரசரவென்று வெள்ளி மழை இறங்கியது, அவள் மேலும் பையன் மேலும்.

"இப்ப எழுந்துக்கோங்க" என்றாள் செடிகளிடம்.

இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அண்ணி என் பக்கம் குனிந்து, "வேணும்னே ரெண்டு பேரும் பேசி வெச்சுதானே செஞ்சீங்க?" என்றார். இல்லை என்றேன். கடைசிவரை அவர் அதை நம்பவில்லை.

விழா முடிந்ததும் டீச்சர் வந்தாள். "மேகத்துக்கு வசனம் இல்லைன்னுதானே சொன்னேன்" என்றாள், கரகரத்த குரலில் சிரித்துக்கொண்டே. மகள் என் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். ஸ்விட்ச் மறுபடியும் ஆஃப். எல்லாம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. ஆனால் அடுத்த வாரம் டீச்சர் அவளைத் தன் மேஜைக்குப் பக்கத்தில் நிற்க வைத்து, அந்தத் தோட்டக்காரப் பையனைப் புத்தகத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி வாசிக்கச் சொன்னாளாம். வாசித்தாள். மெதுவாகத்தான், ஆனால் காதில் விழுந்தது. பரீட்சையிலும் அப்படியே. பள்ளி திறந்தபோது அடுத்த வகுப்பில் போய் உட்கார்ந்தாள்.

பஞ்சைத் தலையணையில் திருப்பி வைக்க யாருக்கும் மனம் வரவில்லை. அந்த மேகம் துணிக்கொடியிலேயே நெடுநாள் தொங்கியது. இவர் ஒரு போர்வையை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு படுத்தார்.

*

போன வாரம் மகள் ஃபோன் செய்தாள். அவளுக்கு வேறு ஊரில் வேலை, வீடு, ஒரு பெண் குழந்தை.

"அம்மா, இவளுக்கு மேகம் வேணுமாம். நீ எப்படிச் செஞ்சேன்னு வரிசையா எழுதி அனுப்பு."

"இப்பவே சொல்றேனே."

"ஃபோன்ல சொன்னா நான் நடுவுல பேசிடுவேன். எழுது."

ஆகவே எழுதினேன். அதே மேஜையில்தான். நான் இப்போது அண்ணி உட்கார்ந்த நாற்காலியில் உட்காருகிறேன். அவர் போய்ச் சேர்ந்த பிறகு முதலில் யாரும் அதில் உட்காரவில்லை. அப்புறம் முழங்கால் வலி வந்து, முக்காலியும் நாற்காலியும் சேர்ந்தே எனக்கு வந்துவிட்டன. குடையை எப்படி விரிப்பது, பஞ்சை எங்கிருந்து எடுக்கலாம், எங்கிருந்து எடுத்தால் ஆஸ்பத்திரிச் செலவு வரும், எல்லாம் வரிசையாக எழுதினேன். படம் வரைந்தேன். தேய்த்து வைத்த வெள்ளித்தாளையும் பிஸ்கட் டப்பாவிலிருந்து ஒரு சிவப்புப் பொத்தானையும் வைத்தேன். கவர் போதவில்லை, பார்சல் ஆகிவிட்டது.

இவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கடிதத்தைப் படித்தார். "நூல் நுனியைத் தொங்க விடணும்னு எழுதியிருக்கே?"

"ஆமா."

"எங்கயாவது மாட்டிக்குமே."

கடிதத்தை மடித்து உள்ளே வைத்து, தாளைச் சுற்றிப் பசை தடவினேன். இவர் சணல் கயிற்றை எடுத்து வந்து குறுக்கும் நெடுக்கும் கட்டினார். ஒரு முடிச்சு. அதன் மேல் இன்னொன்று.

தபால் ஆபீஸ் கவுன்டரில் இருந்த பெண் எடை போட்டுவிட்டு, முடிச்சை விரலால் நெருடிப் பார்த்தாள். "இதைப் பிரிக்கவே முடியாது போலிருக்கே சார். வாங்கறவங்க பாவம்."

"அவ பிரிச்சுடுவாம்மா" என்றார் இவர்.

அந்தப் பெண் முத்திரையைக் குத்தி, பார்சலைப் பின்னால் இருந்த சாக்குப் பைக்குள் போட்டாள்.