ஜன்னலிலிருந்து சுட்ட மான்

நோலன் ஆறு மணிக்கு எழுந்தான். அடுப்பில் இரண்டு விறகு வைத்தான். நாயை வெளியே விட்டான். அது பனியில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து கதவைப் பிராண்டியது. காபி போட்டான். பக்கத்து வீட்டு லெம்பி கொடுத்திருந்த ஏலக்காய் ரொட்டியில் ஒரு துண்டு வெட்டி நின்றபடியே தின்றான். சவரம் செய்தான். டையைக் கட்டினான். கோணலாக இருந்தது, அவிழ்த்து மறுபடி கட்டினான். கூடத்தில் மருத்துவக் கட்டிலின் காற்று மெத்தை மெல்ல இரைந்துகொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை அய்லாவை எடுத்துப் போனதிலிருந்து யாரும் அதை அணைக்கவில்லை. அவனும் அணைக்கவில்லை. கார்க் கண்ணாடியில் படிந்திருந்த உறைபனியைச் சுரண்டினான். மனைவியை அடக்கம் செய்யப் போனான்.

பாட்டு, ஜெபம், கல்லறை எல்லாம் மதியத்துக்குள் முடிந்தன. தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நீள மேசைகள் போட்டிருந்தார்கள். பன்றித்தொடை வைத்த ரொட்டி, பாலாடையில் வெந்த உருளைக்கிழங்கு, பெரிய பாத்திரத்தில் காபி. ஆண்களில் பாதிப் பேர் நல்ல சட்டைக்கு மேலே ஆரஞ்சு நிற வேட்டைக் கோட்டு போட்டிருந்தார்கள். மான் வேட்டைப் பருவம் பாதிகூடக் கடக்கவில்லை. யாருக்கும் அது தவறாகப் படவில்லை. அய்லாவுக்கும் பட்டிருக்காது.

அவள் அப்பா வெய்னோ காபிப் பாத்திரத்தின் அருகே நின்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"எம் பொண்ணுக்கு எந்திரிச்சு உக்காரக்கூடத் தெம்பில்ல. கட்டில்ல சாஞ்சுக்கிட்டு, ஜன்னல் வழியா, ஒரே குண்டு. எட்டுக் கிளைக் கொம்பு மான்! ஒரு மணி சோளம் போடல. ஒரு கேரட் போடல. தானா வந்து நின்னுச்சுய்யா."

"நீ ஒரு டிரெய்லர் பீட்ரூட்டைக் கொட்டிட்டுப் பரண்ல உக்காந்திருந்தியே, போன வருசம் என்ன கெடச்சுது? சளி!" என்றார் ஒருவர்.

"அதத்தான் சொல்றேன். பொண்ணு சொன்னது சரி. அப்பன் மடையன். போதுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். வெய்னோவும் சிரித்தார். பிறகு காகிதத் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

நோலன் தட்டோடு சுவர் ஓரம் நின்றான். பக்கத்தில் அய்லாவின் தம்பி கர்ட்.

"விடுடா," என்றான் கர்ட், வாயை அசைக்காமல். "சொல்லிட்டுப் போகட்டும். அவருக்கு இப்ப வேற என்ன இருக்கு?"

நோலன் தலையாட்டினான். உருளைக்கிழங்கு ஆறிப்போயிருந்தது.

அப்பாவும் மகளும் ஒரே பரணில் உட்கார்ந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. சண்டை, மானை இழுக்கப் பரணுக்கு முன்னால் கொட்டும் தீனியைப் பற்றித்தான். நோலன் வெய்னோ வீட்டுக்கு முதல்முறை சாப்பிடப் போன அன்றும் அதுதான் நடந்தது.

"சாப்பிடக் கூப்பிட்டு உக்கார வெச்சுச் சுடறதுக்குப் பேரு வேட்டையாப்பா?"

"நீ தூண்டில்ல புழுவக் கோத்துப் போடறியே, அது என்ன, மீனுக்குக் கல்யாண விருந்தா?"

"மீனும் மானும் ஒண்ணா?"

"தட்டுல வந்தப்புறம் எல்லாம் ஒண்ணுதான். நின்னு திங்கற மானை நெஞ்சுல பாத்து ஒரே குண்டுல சாய்ச்சிரலாம். நீ பொதருக்குள்ள ஓடறதச் சுட்டா, அது ரெண்டு நாள் கால இழுத்துக்கிட்டுச் சாகும். எதுடி பாவம்?"

"நான் ஓடறதச் சுட மாட்டேன். சும்மா வீட்டுக்கு வந்துருவேன்."

"அப்ப குளிர்காலம் பூரா பட்டாணி தின்னு." வெய்னோ நோலன் பக்கம் திரும்பினார். "நீ என்ன சொல்ற, கீழ்க்கரையான்?"

ஏரியைக் கடக்கும் பெரிய பாலத்துக்குத் தெற்கே பிறந்தவர்கள் எல்லோரும் அவருக்குக் கீழ்க்கரையான்தான். நோலன் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுக்க வந்தவன், அதுவரை துப்பாக்கியைத் தொட்டதில்லை. ஒரே குவியலில் பத்து மான் மூக்கை வைத்தால் நோய் பரவும் என்று எங்கோ படித்ததைச் சொன்னான். வெய்னோ மகளிடம், "இவனக் கட்டிக்க. உனக்கு ஏத்த வாத்தியார்," என்றார்.

அந்த வருடத்திலிருந்து அய்லா தன் வீட்டுப் பின்வயலில் தனியாக உட்கார்ந்தாள். சில வருடம் மான் கிடைத்தது. பல வருடம் கிடைக்கவில்லை. கிடைக்காத வருடங்களில் கர்ட் அப்பாவின் பரணிலிருந்து ரகசியமாகக் கறி கொண்டுவந்து நீட்டினான். "எங்க சுட்டது?" என்று கேட்டுவிட்டு, வாங்க மறுத்தாள்.

இந்த வருடம் கட்டிலை ஜன்னல் அருகே போடச் சொன்னாள். பருவம் தொடங்கிய காலையில் ஜன்னலைத் திறக்கச் சொன்னாள். குளிர் கூடத்தை நிறைத்தது. மூன்று போர்வைக்குள்ளிருந்து வயலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் வரவில்லை. சுற்றிலும் எல்லாப் பரணுக்கு முன்னாலும் தீனிக் குவியல் இருந்தது. வெறும் புல்லுக்கு எந்த மான் வரும்? மத்தியானம் வாய் திறந்தபடி தூங்கிப்போனாள். எழுந்ததும், "வந்துச்சா?" என்றாள்.

"இல்ல."

"நாளைக்கு வரும்."

மறுநாளும் அதேதான். அன்று மாலை நோலன் பெட்ரோல் பங்கில் ஒரு மூட்டை மக்காச்சோளம் வாங்கினான். எல்லாப் பங்கிலும் வாசலிலேயே அடுக்கி வைத்திருப்பார்கள். கட்டிலிலிருந்து தெரியாத இடம் பார்த்து, வயல் ஓரத்துப் புதருக்குப் பின்னால் கொட்டினான். பிறகு காலடித் தடத்தை மறைக்க அந்த வழியாகவே விறகு சுமந்து வந்தான்.

சில நாளில் அந்த ஆண் மான் வந்தது. நேராக, தலையைத் தாழ்த்தி, வழி தெரிந்ததுபோல வந்தது. நோலன் அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, தோளுக்கும் துப்பாக்கிக்கும் நடுவே தலையணையைப் பிடித்துக்கொண்டான். அவள் எலும்பு அவன் நெஞ்சில் குத்தியது. சுட்டாள். மான் நாலடி நடந்து விழுந்தது. அவள் உடம்பு நடுங்கியது. சிரிக்கிறாள் என்று பிறகுதான் புரிந்தது.

கர்ட் வந்து வயிற்றைக் கிழித்தான். இரைப்பை முழுக்க மஞ்சள் சோளம். நிமிர்ந்து நோலனைப் பார்த்தான். இரைப்பையைக் காட்டுக்குள் தூரமாக இழுத்துக்கொண்டு போய்ப் புதைத்தான். உடலை இரண்டு முறை கழுவினார்கள். பல்லை யாரும் நினைக்கவில்லை.

அவள் நினைத்தாள். பல் தேய்மானத்தைப் பார்த்து வயது சொல்வது அவள் வழக்கம். தாடையைக் கொண்டுவரச் சொன்னாள். நோலன் சாப்பாட்டுத் தட்டில் வைத்துக் கொடுத்தான். கடைவாய்ப் பற்களைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தடவினாள்.

"மூணரை வயசு," என்றாள்.

பிறகு நகத்தால் பல்லிடுக்கிலிருந்து மஞ்சளாக எதையோ நெம்பி எடுத்தாள். விரல் நுனியில் வைத்துப் பார்த்தாள். தட்டின் ஓரத்தில் தேய்த்தாள். நோலன் ஜன்னலைச் சாத்தப் போனான். சாத்திவிட்டு வந்தபோது கண்ணை மூடியிருந்தாள்.

"நோலன்." தேவாலயக் கீழ்த்தளத்தில் லெம்பி அவன் கையிலிருந்து தட்டை வாங்கினாள். "ஒண்ணுமே சாப்பிடலியே, ராசா. கடைசில ஏதாச்சும் சொன்னாளா?"

"தூக்கம் வருதுன்னா."

"நல்ல சாவு," என்றாள் லெம்பி. கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனாள்.

வெய்னோ வந்து அவன் தோளில் கை வைத்தார். கை கனமாக இருந்தது.

"மாப்ளே, அந்தக் கொம்ப எனக்குக் குடு. பரண் வாசல்ல மாட்டப் போறேன். அடியில ஒரு பலகை. 'தீனி இல்லாமல் சுட்டது.' வர்றவன் போறவன்லாம் படிக்கணும். பீட்ரூட்ட இன்னைக்கே அள்ளிரப் போறேன். மாடு திங்கட்டும். பத்து வருசமா அவ கரடியாக் கத்துனா. நான் கேட்டனா? இப்பக் கேக்கறேன்."

நோலன் வாயைத் திறந்தான். வெய்னோ அதற்குள் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்தான். நாய் வாலாட்டியது. மெத்தை இரைந்துகொண்டிருந்தது. அவன் ஷூவைக் கழற்றாமல் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தான். மெத்தையில் காற்று ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் ஏறியது. ஜன்னலுக்கு வெளியே வயல் ஓரத்தில் இரண்டு பெண் மான்கள் நின்றன. மிச்சச் சோளத்துக்கு வந்தவை. பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து கார் சாவியை எடுத்தான்.

வெய்னோ பரணுக்கு முன்னால் இருந்தார். சவ அடக்கத்துக்குப் போட்ட கால்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்தது. சர்க்கரை பீட்ரூட்டுகள் உறைந்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. குத்திப் பிரித்து அள்ளி டிரெய்லரில் எறிந்தார். ஒவ்வொன்றும் கல்போல விழுந்தது.

"வா, கீழ்க்கரையான். அங்க இன்னொரு மண்வெட்டி இருக்கு."

நோலன் எடுத்துக்கொண்டான். இருவரும் அள்ளினார்கள். குவியல் பாதியானது. வெய்னோ நிமிர்ந்து மூச்சு வாங்கினார்.

"தூக்கம் வருதுன்னாளாமே. லெம்பி சொன்னா. சின்னப் புள்ளைலகூட அவ அப்படிச் சொன்னதே இல்ல. அடிச்சாலும் தூங்க மாட்டா."

"அவ அப்படிச் சொல்லல, மாமா. லெம்பி கேட்டதுக்கு நானாச் சொன்னது அது."

"அப்ப என்ன சொன்னா?"

நோலன் மண்வெட்டியை நிறுத்தினான். இதைச் சொல்லாமலே இருந்துவிடலாம். கிழவர் பலகை மாட்டிக்கொள்வார். கொம்பின் கீழே நின்று ஒவ்வொரு வருடமும் அவளைப் பற்றிப் பேசுவார்.

"உங்ககிட்டச் சொல்லச் சொன்னா."

"எங்கிட்டயா?" வெய்னோ தொப்பியைக் கழற்றினார். "சொல்லு."

நோலன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் சொன்னதை, ஒரு வார்த்தைகூட மாற்றாமல், சொன்னான்.

"அப்பாகிட்டச் சொல்லிடு. அந்த மான் சோளத்துக்குத்தான் வந்துச்சு. நல்லா சிரிக்கட்டும்."