ஆயிரத்து நானூற்று ஐம்பது

மூன்றாவது முறையாக மடிக்கணினி அணைந்தபோது மணி பகல் ஒன்றரை. திரை கறுத்தது, உள்ளே இருந்த விசிறி இழுத்துப் பிடித்த மூச்சை விட்டதுபோல் நின்றது. ஆந்தை கீபோர்டின் மேல் உள்ளங்கையை வைத்தான், சுட்டதும் வெடுக்கென்று எடுத்துக்கொண்டான். கிடங்கில் இரண்டு வருடம் இரவு வேலை பார்த்ததால் அக்கா அவனுக்கு வைத்த பெயர் ஆந்தை. வேலையை விட்டு எட்டு மாதம் ஆகியும் பெயர் அவனை விடவில்லை.

பன்னிரண்டு நொடிக் காட்சி ஒன்றை மாலை ஐந்துக்குள் ஓர் அனிமேஷன் நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் வைத்திருக்கும் தேர்வு அது. ஐந்தானால் இணையப் பக்கம் பூட்டிக்கொள்ளும். தவறினால் திங்கட்கிழமை கிடங்குக்கே திரும்பி வருவதாக மேற்பார்வையாளரிடம் சொல்லியாயிற்று. பன்னிரண்டு நொடிக்கு இருநூற்று எண்பத்தெட்டுப் படங்களைக் கணினி ஒவ்வொன்றாக வரைந்து தர வேண்டும். இன்னும் நூற்று எழுபத்தைந்து பாக்கி.

சூடு எல்லை மீறினால் கணினி தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். அணையும் ஒவ்வொரு தடவையும், போன நேரத்தைப் பிடிக்க, கிராபிக்ஸ் கார்டின் வேகத்தை இன்னும் கொஞ்சம் ஏற்றினான். ஏற்ற ஏற்ற அது சீக்கிரம் செத்தது. தோற்க தோற்கப் பந்தயத்தைக் கூட்டும் சூதாடியின் புத்தி என்று அவனுக்கே தெரியும். தெரிந்து என்ன செய்ய, கை கேட்கவில்லை.

"அவசரத்துக்கு அண்டாவுலயும் கை போகாதுடா," என்றாள் அக்கா. அவள் அதே அறையில், விடுதி ஒன்றின் தலையணை உறைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ உன் வேலையப் பாரு."

"அதத்தான் பாக்குறேன். நீதான் மூணு தடவ கொள்ளி வச்சுட்ட."

அவன் கணினியின் பின்பக்கத்தைத் தூக்கி அடியில் இரண்டு பாட்டில் மூடிகளைச் செருகினான். வேகத்தை ஆயிரத்து நானூற்று ஐம்பது மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கிப் பூட்டினான். காகிதத்தில் கணக்குப் போட்டான். ஒரு படத்துக்கு எழுபது நொடி. முடியும்போது நாலு ஐம்பத்தொன்பது. மூக்கைச் சிந்தக்கூட நேரம் இல்லை.

முதல் பத்துப் படங்கள் ஒழுங்காக வந்தன. பிறகு திரையின் மூலையில் சூடு எண்பத்தெட்டு டிகிரி, தொண்ணூற்றொன்று, தொண்ணூற்று மூன்று என்று ஏறியது. வேகத்தை இனியும் இறக்கினால் ஐந்துக்குள் முடியாது. அறைதான் கொதித்தது. இஸ்திரிப் பெட்டியின் ஆவி கண்ணுக்குத் தெரிந்தது. எட்டு மாதமாக அந்த இஸ்திரிப் பெட்டிதான் அவனுக்கும் சோறு போடுகிறது. எப்படிக் கேட்பது?

"அக்கா, கொஞ்சம் வெளிய போயி தேய்க்குறியா?"

அவள் திரையைப் பார்த்தாள். எண் புரிந்ததோ, அவன் முகம் புரிந்ததோ, இஸ்திரி மேசையின் ஒரு பக்கத்தைத் தூக்கினாள். "என்ன பாத்துட்டு நிக்கிற? மறுபக்கம் பிடி."

மாடிப்படித் திருப்பத்தில் மேசை உட்கார்ந்தது. நீட்டு வயர் கதவு வழியாகப் போனது. சற்று நேரத்தில் மேல்வீட்டுக்காரரின் குரல் கேட்டது.

"என்னம்மா, படியிலேயே கடை போட்டாச்சா?"

"கொஞ்சம் ஒதுங்கிப் போங்கண்ணே. உள்ள ஒருத்தன் பிரசவ வலியில இருக்கான்."

சூடு எண்பத்தாறுக்கு இறங்கி நின்றது. அவன் முடிந்த படங்களை ஒவ்வொன்றாக அனுப்பிக்கொண்டே இருந்தான்.

நாலே முக்காலுக்குப் பதின்மூன்று படம் பாக்கி. பெருக்கிப் பார்த்தான். ஐந்தைத் தாண்டிப் பத்து நொடி இடித்தது. வேகத்தை ஏற்றும் கோட்டின் மேல் அம்புக்குறி தானாகப் போய் நின்றது. ஐம்பது மெகாஹெர்ட்ஸ் ஏற்றினால் போதும். ஏற்றி அணைந்துபோனால் எல்லாம் போச்சு. கடைசிப் படங்களில் உருவங்கள் குறைவு, சீக்கிரம் முடியலாம். முடியாமலும் போகலாம்.

அக்கா வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் மடித்த உறைகளின் அடுக்கு.

"ஏத்தப் போறியா?"

"இல்ல."

சொல்லிவிட்டு இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்தான்.

நாலு ஐம்பத்தொன்பதுக்குக் கடைசிப் படம் தொடங்கியது. சின்னச் சின்னச் சதுரங்களாகத் திரையில் நிரம்பியது. முதலில் கதவு, பிறகு அதன் கைப்பிடி, அதை நோக்கி நீளும் ஒரு பெண்ணின் முழங்கை, மணிக்கட்டு. விரல்கள் இருக்க வேண்டிய இடத்தில் இன்னும் நாலு சதுரம் கறுப்பாக இருந்தது. அதில் ஒன்று வெளுக்கத் தொடங்கியது.