நூல் பிசகாத உருளை

பட்டறையில் பத்து மணி நேரம் லேத் என்கிற கடைசல் மெஷின் முன்னால் நின்றுவிட்டு வந்தவன், வீட்டிலும் ஒரு பிளாஸ்டிக் கட்டையைக் கையில் எடுக்கிறான் என்றால் ஒன்று அவனுக்கு ஆசை இருக்க வேண்டும், இல்லை பைத்தியம் பிடித்திருக்க வேண்டும். எனக்கு இரண்டும் இல்லை. மனைவி இருந்தாள்.

அவள் கடலில் மூச்சடக்கி மூழ்கி, ஈட்டித் துப்பாக்கியால் மீன் அடிப்பவள். பதினெட்டு வருடத் தொழில். போன வருடம் பாறையில் வழுக்கி விழுந்ததில் வலது தோள் கழன்றது. தோளைத் திரும்பச் சேர்த்துவிட்டார்கள், பலம் மட்டும் திரும்பவில்லை. அவளுடைய மரத் துப்பாக்கியின் ரப்பரை ஒரே மூச்சில் நெஞ்சு வரை இழுத்து மாட்ட வேண்டும். அவளால் பாதி தூரம்கூட முடியவில்லை. முடியாவிட்டால் அவள் அக்கா நடத்தும் மீன் வெட்டும் கூடத்தில் போய் உட்கார வேண்டியதுதான். அக்கா ஒரு ஸ்டூலைத் துடைத்து வைத்துவிட்டுக் காத்திருந்தார். அந்த ஸ்டூல் பேச்சை எடுத்தாலே இவள் முகம் சுண்டிப்போகும்.

"ரோலர் வெச்சா என்னால முடியுங்க," என்றாள் ஒருநாள். "துப்பாக்கி மூக்குல ரெண்டு சின்ன ரோலர். ரப்பர் அடிப்பக்கத்துலேருந்து அது மேல ஏறி வரும். மேல கொஞ்சம், கீழ கொஞ்சம்னு ரெண்டு தடவையா இழுத்து மாட்டிக்கலாம். நீங்க கடைஞ்சு குடுங்க."

"நான் மனுஷனா, மெஷினா?"

"மெஷின்னா எண்ணெய் விட்டு ஓட்டியிருப்பேனே."

பட்டறையில் என் பெயர் 'நூல்'. அளவு ஒரு நூல் பிசகினால் எனக்குச் சோறு இறங்காது என்று கேலி செய்வார்கள். உண்மைதான். மிச்சம் கிடந்த வெள்ளை நைலான் உருட்டுக் கட்டையில் இரண்டு உருளைகள் கடைந்தேன். நடுவில் ரப்பர் உட்காரப் பள்ளம், துருப்பிடிக்காத எஃகில் அச்சு. துப்பாக்கியின் மூக்கில் பள்ளம் வெட்டியது எங்கள் சமையல் மேடையில். ஒரு வாரம் சாப்பாட்டில் மரத்தூள் இருந்தது, யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. உருளைக்கும் மரத்துக்கும் நடுவே காகிதம்கூடப் போகாது. விரலால் சுண்டினேன். அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது. அவள் கைதட்டிச் சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

நான்கு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு துணைக்குப் போனேன். முதல் இரண்டு நாள் மீன் கிடைத்தது. வெயிலில் மரம் வெடிக்கக் கூடாது என்று துப்பாக்கியை ஈரச் சாக்கில் சுற்றியே வைத்திருந்தாள். மூன்றாம் நாள் ரப்பரை இழுக்கக் கொஞ்சம் கனக்கிறது என்றாள். நான்காம் நாள் அரை மணி நேரத்தில் கரைக்கு வந்து, மணலில் துப்பாக்கியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

"கை செத்துப் போச்சுங்க. இழுக்கவே வரல. இனிமே முடியாது, விட்டுடலாம்."

நான் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு நடந்தேன். நடக்கும்போதே கட்டைவிரலால் உருளையைத் தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. அந்த இடத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. நைலான் தண்ணீர் குடிக்கும், குடித்தால் பருக்கும். மரமும் அப்படித்தான். நான் நூல் பிசகாமல் வைத்த இடைவெளியை இரண்டும் சேர்ந்து அடைத்துவிட்டன. பட்டறையில் எங்களுக்குத் தெரிந்த ஒரே ஈரம் எண்ணெய். அவள் கையில் ஒரு குறையும் இல்லை.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

எனக்கு அலுத்துப் போயிருந்தது. அவள் மூழ்கும் ஒவ்வொரு தடவையும் கரையில் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவளுக்கு அது தொழில், எனக்கு அது தண்டனை. ஸ்டூலில் உட்கார்ந்து யாரும் மூழ்கிப் போவதில்லை என்று நினைத்தேன். இப்படி நினைத்ததற்கு வெட்கப்படுகிறேன், ஆனால் நினைத்தேன்.

விடுப்பு முடிந்து வேலைக்குப் போனேன். துப்பாக்கி கதவுக்குப் பின்னால் சாய்ந்து கிடந்தது. அவள் தோளுக்கு எண்ணெய் தேய்த்தாள், தேய்த்துக்கொண்டே அதைத் திட்டினாள். "பதினெட்டு வருஷம் சோறு போட்டு வளர்த்தேனே, கடைசியில கவுத்துட்டியே," என்று அவள் சொல்வது சமையலறை வரை கேட்டது. அக்காவுக்குப் போன் போட்டு, திங்கள்கிழமையிலிருந்து வருவதாகச் சொன்னாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் நான் உட்கார்ந்து செருப்பைக் கழற்றுவதற்குள் துப்பாக்கியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

"மேசை டிராயருக்குக் கைப்பிடி செய்ய நல்ல மரம் வேணும்னீங்களே. இதை அறுத்துக்கங்க."

அவள் குரலில் அழுகைகூட இல்லை. அழுதிருந்தால் தாங்கியிருப்பேன். உருளையைத் தொட்டேன். அது காய்ந்து, மறுபடி ஒழுங்காகச் சுற்றியது. என்னைக் காட்டிக்கொடுக்க வேறு சாட்சி வேண்டியதில்லை.

"தப்பு உன் கையில இல்ல," என்றேன். "என் கையில." ஊறிப் பருத்த கதையைச் சொன்னேன்.

அவள் முழுவதையும் கேட்டாள். "உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அன்னிக்கே. கரையிலயே."

"மூணு நாளா நான் என் தோளைத் திட்டிக்கிட்டிருந்தேன்," என்றாள். துப்பாக்கியை என் மடியிலேயே விட்டுவிட்டு உள்ளே போனாள். வசவை எதிர்பார்த்துக் குனிந்திருந்த என் கழுத்துதான் வலித்தது.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் உருளைகளைத் திரும்ப லேத்தில் மாட்டினேன். பக்கவாட்டில் சீவினேன், துளையைப் பெரிதாக்கினேன். என் கையால் இவ்வளவு தளர்வாக ஒரு சாமான் நான் செய்ததில்லை. மூக்கில் பொருத்தி ஆட்டினால் லொடலொட என்றது. என் பெயருக்கே அது அவமானம்.

"லூசா இருக்கே," என்றாள்.

"லூசா இருந்தாதான் தண்ணியில ஓடும்."

அவள் அக்காவுக்குப் போன் போட்டு, திங்கள்கிழமை வரவில்லை என்றாள். காரணம் கேட்டிருப்பார் போலிருக்கிறது. "ஒரு சாமான் ஊறிக்கிட்டிருக்கு," என்று சொல்லி வைத்துவிட்டாள். பிறகு வாளியில் தண்ணீர் பிடித்து, ரெண்டு கை உப்பைப் போட்டு, துப்பாக்கியைத் தலைகீழாக இறக்கினாள்.

"எத்தனை நேரம் வெக்கணும்?" என்றேன்.

"மூணு நாள்."

மூன்று நாளும் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அந்த வாளியைத் தாண்டித்தான் போனேன். அவள் சாப்பாடு போட்டாள், தேவைக்குப் பேசினாள். கடைசி நாள் துப்பாக்கியைத் தூக்கி, சொட்டச் சொட்ட, ரப்பரை இழுத்து மாட்டினாள். மேலே ஒரு இழுப்பு, கீழே ஒரு இழுப்பு. உருளைகள் லொடலொடத்துக்கொண்டே ஓடின. அவள் முகம் மலர்ந்தது.

"இப்ப நம்பலாம்," என்றாள்.

அவள் கையைப் பிடிக்கப் போனேன்.

"ரோலரைச் சொன்னேன்," என்றாள்.