யசோதினிக்கும் ஒரு தண்டனை

புளியந்தீவில் வாவிக்கரையோடு ஒட்டிய அந்தக் கத்தோலிக்க ஆரம்பப் பாடசாலையில், நாலாம் வகுப்பு யசோதினிக்கு மட்டும் தண்டனை கிடையாது. அவள் சக்கர நாற்காலியில் வருகிற பிள்ளை. அவளுக்காகப் படிக்குப் பக்கத்தில் சாய்வுப்பாதை கட்டினார்கள், சந்தோஷம். படம் பிடித்தால் நடுவில் அவள்தான், அதுவும் போகட்டும். ஆனால் என்ன குழப்படி செய்தாலும் ஒருவரும் ஏசுவதில்லை. ஒரு பிள்ளைக்கு இதைவிடப் பெரிய கொடுமை என்ன இருக்கிறது?

அங்கே தண்டனை என்றால், பள்ளி விட்டபிறகு ஜம்பு மரத்தின் கீழ் சருகு கூட்டுவது. பெரும்பாலும் கூட்டுகிறவர்கள் அவள் வகுப்பு ஜேமியும் றிப்ஷானும். ஜம்புப் பழம் களவெடுத்துப் பிடிபடுவார்கள். பிறகு கூட்டுகிற சாக்கில் இன்னும் நாலைந்தைக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு சிரித்தபடி போவார்கள். அப்பாவின் ஆட்டோவுக்காக வாசலில் காத்திருக்கும் யசோதினிக்கு வயிறு எரியும்.

ஜம்பு களவுக்குத் தன்னையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டாள். ஜேமி யோசிக்கவே இல்லை.

“உனக்குத் தண்டனை இல்லகா. நாங்க மட்டும் மாட்டுற விளையாட்டுக்கு நீ எதுக்கு?”

நியாயமான கேள்விதான். எப்படியாவது மாட்டிக் காட்டுவது என்று அவள் முடிவெடுத்தாள்.

எழுதவேண்டிய வீட்டுவேலையைச் செய்யாமல் வந்தாள். கை நொந்திருக்கும் என்று வகுப்பாசிரியை றொவீனா டீச்சர் தலையைத் தடவிவிட்டார். பாட நேரத்தில் ஓயாமல் கதைத்தாள். பிள்ளையைப் பேச்சுக்கு இழுத்ததாகப் பக்கத்தில் இருந்த றிப்ஷானுக்கு ஏச்சு விழுந்தது. கடைசியில் கரும்பலகையடியில் சேர்ந்த வெண்கட்டித் தூளை டீச்சரின் கதிரையில் கொட்டினாள். டீச்சரின் நீலச் சேலை பின்பக்கம் வெள்ளையானது. நான்தான் என்று கையையும் உயர்த்தினாள். சிநேகிதனைக் காப்பாற்றப் பழியை ஏற்கிற நல்ல மனது என்று அவளை வகுப்புக்கே உதாரணம் காட்டிவிட்டு, டீச்சர் ஜேமியைச் சருகு கூட்ட அனுப்பினார்.

அதோடு ஜேமி அவளோடு கதைப்பதை நிறுத்தினான். றிப்ஷான் தன் கதிரையைத் தள்ளிப் போட்டுக்கொண்டான். கூட்டத்தில் சேரப் போய், இருந்த சிநேகிதமும் போயிற்று. வீட்டுக்குப் போய்த் தலையணையில் முகம் புதைத்து அழுதாள்.

அடுத்த வாரம் வலயக் கல்விப் பணிமனையிலிருந்து அதிகாரி சேர் ஒருவர் வகுப்பைப் பார்க்க வந்தார். சுவரெல்லாம் ‘எல்லோரும் சமம்’ என்று வண்ணத்தாளில் வெட்டி ஒட்டியிருந்தது. அதைப் பற்றிப் பேச யசோதினியைத்தான் தெரிவு செய்திருந்தார்கள், வேறு யாரை? டீச்சர் எழுதிக் கொடுத்த பேச்சு அவள் மடியில் இருந்தது. அவள் அதைப் பார்க்கவே இல்லை.

“கதிரையில வெண்கட்டி போட்டது நான், ஜேமி இல்ல. பாடத்தில கதைச்சதும் நான்தான், றிப்ஷான் இல்ல. எல்லாரும் சமமெண்டா எனக்கு மட்டும் ஏன் தண்டனை தாறல்ல?”

இதுவும் நல்ல மனது என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று, நாற்காலியின் பின்னால் தொங்கிய பைக்குள் கையை விட்டு மிச்சத் தூளையும் எடுத்துக் காட்டினாள். அந்தப் பையை ஒருவரும் சோதித்ததே இல்லை. சேர் கூரையைப் பார்த்தார். றொவீனா டீச்சருக்கு முகம் சிவந்தது. ஆனாலும் அந்த இடத்திலேயே இரண்டு பையன்களிடமும் மன்னிப்புக் கேட்டார். சேரோடு வந்திருந்த பாடசாலை அதிபர் சிஸ்டர் றீட்டா சிரிப்பை அடக்கிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

“இண்டைக்கு நீ கூட்டு புள்ள. மூலை முடுக்கெல்லாம் கூட்டோணும்.”

அன்று பின்னேரம் நீளக்கம்பு போட்ட விளக்குமாற்றோடு யசோதினி ஜம்பு மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஒரு பக்கம் கூட்டினால் சக்கரம் மறுபக்கம் சருகை இழுத்து வந்தது. தண்டனை இல்லாத ஜேமியும் றிப்ஷானும் வீட்டுக்குப் போகாமல் மதிலில் குந்தியிருந்து பார்த்தார்கள்.

“அந்த மூலைய விட்டுட்டாய்கா,” என்றான் ஜேமி.

அவன் அவளோடு கதைத்துவிட்டான். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மூலைக்கு உருட்டிக்கொண்டு போனாள். ஜேமி சத்தமில்லாமல் இறங்கி வந்து, யாரும் சோதிக்காத அந்தப் பைக்குள் ஜம்புகளைப் போட ஆரம்பித்தான். றிப்ஷான் சிஸ்டர் வருகிறாரா என்று பார்த்துக்கொண்டான்.

ஆட்டோவில் வந்து இறங்கிய அப்பா வினாயகமூர்த்தி, மகளின் கையில் விளக்குமாற்றைக் கண்டதும் பதறிப்போய் ஓடிவந்து அதைப் பிடித்தார். அவள் விடவில்லை.

“பொறுங்கப்பா,” என்றாள், பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி. “என்ட தண்டனை இன்னும் முடியல்ல.”