வாஷிங்டனின் ரிலீவர்

நிலக்கரிச் சுரங்கத்தில் எங்களிடம் மண் தோண்டுகிற ஒரு மெஷின் இருந்தது. எட்டு மாடி உயரம். அதன் சக்கரத்தில் வரிசையாக வாளிகள். ஒரு வாளியில் ஒரு கல்யாணத்துக்கே சாம்பார் வைக்கலாம். அதை ஓட்டியவன் குள்ளஞ்சாவடி துரைராஜ். அவன் ஷிப்டு முடிந்ததும் ஏறுகிறவன் நான், காடாம்புலியூர் கலியன். ரிலீவர் வராமல் சீட்டை விட்டு இறங்கக் கூடாது என்பது அங்கே சட்டம். வந்தவனிடம் எங்கே சத்தம் கேட்கிறது, தோண்டியதைக் கொண்டுபோகிற பெல்ட் எங்கே நழுவுகிறது என்று நேருக்கு நேர் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். ஆள் மூலம் சொல்லி அனுப்புகிற பேச்சே கிடையாது. அதனால் எங்கள் சிநேகிதம் முழுவதும் ஷிப்டு மாறுகிற அந்தப் பத்து நிமிஷத்திலேயே நடந்தது.

பேசியதெல்லாம் வாஷிங்டனையும் கார்ன்வாலிஸையும் பற்றித்தான். துரைராஜின் மகன் சுதாகர் பள்ளிக்கூட நாளில் அமெரிக்க சுதந்திரப் போர்ப் பாடத்தைச் சத்தம் போட்டுப் படிக்க, அது அப்பன் காதில் விழுந்து, மறுநாள் மெஷினுக்கு வந்துவிட்டது. வாஷிங்டனை அவன் முதலிலேயே எடுத்துக்கொண்டான். மிச்சமிருந்தவர் எதிர்த்தரப்பு வெள்ளைக்காரத் தளபதி கார்ன்வாலிஸ். அமெரிக்காவில் தோற்றுவிட்டுப் பிற்பாடு இங்கே வந்து, திப்புவின் இரண்டு பிள்ளைகளைப் பணயமாக வாங்கிக்கொண்டு போனவர். அவருக்குப் பரிந்து பேச எனக்கே கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு பேரும் ஜெயித்தவன் பக்கமே உட்கார்ந்துகொண்டால் பேச என்ன இருக்கிறது?

உன் ஆள் ஜெயித்த சண்டையைவிடத் தோற்ற சண்டைதானே அதிகம் என்பேன் நான். தோற்றாலும் பட்டாளத்தைக் கலையாமல் வைத்துக்கொண்டு இருந்தானே, அதுதான் தளபதி என்பான் அவன். ஒருமுறை, வாஷிங்டன் ராத்திரியில் கூடாரத்தின் முன்னால் நெருப்பை எரியவிட்டுவிட்டுப் பட்டாளத்தோடு நழுவிய கதை வந்தது. நெருப்பு எரிகிறது, ஆள் இருக்கிறான், விடிந்ததும் பிடித்துக்கொள்ளலாம் என்று நம்பி உட்கார்ந்திருந்தவர் கார்ன்வாலிஸ். அன்றைக்குப் பேச்சு முற்றியதில் மெஷினை நிறுத்த இரண்டு பேருமே மறந்துவிட்டோம். அது தோண்டிக்கொண்டே எங்கள் காடாம்புலியூர் பலாத்தோப்பு வரைக்கும் போய்விட்டது. பெல்ட்டில் வரிசையாகப் பலாப்பழம் வந்தது. ஆபீசில் விளக்கம் கேட்டார்கள். பழுத்த நிலக்கரி என்று எழுதிக் கொடுத்தோம்.

ஓய்வு பெற்ற பிறகு நான் மகள் வெண்மதியின் குவார்ட்டர்சுக்கு வந்தேன். துரைராஜ் அடுத்த தெருவில் சுதாகரோடு இருந்தான். பத்து நிமிஷம் பகல் முழுவதுமாக நீண்டது. தீர்ப்பு சொல்வது என் மனைவி தனம். அவளுக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை. துரைராஜைத்தான் அண்ணே என்பாள். ஒருநாள் டீயை வைத்துவிட்டு, "ஏண்ணே, இத்தன வருசமா சண்டையே போட்டுகினு கெடந்தாங்களே, அந்த ரெண்டு பேருக்கும் வூட்ல பொண்டாட்டி கெடையாதா?" என்று கேட்டாள். வாஷிங்டன் கட்சிக்கும் பதில் தெரியவில்லை, கார்ன்வாலிஸ் கட்சிக்கும் தெரியவில்லை. டீயைக் குடித்தோம்.

போன ஐப்பசியில் தனம் போய்விட்டாள்.

கட்டின பெண் செத்தால் பிறந்த வீட்டுக் கோடி வர வேண்டும். கூடப் பிறந்தவன் புதுப் புடவையைத் தன் கையால் அவள்மேல் போர்த்த வேண்டும். அது துரைராஜின் வேலை என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அவனுக்காக எல்லோரும் காத்திருந்தோம். சுதாகர்தான் வந்தான், கையில் கோடியோடு. அப்பாவுக்குக் காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை என்றான்.

யார்க்டவுனில் தோற்ற அன்றைக்குக் கார்ன்வாலிஸ் செய்தது இதையேதான். உடம்பு சரியில்லை என்று படுத்துக்கொண்டு, சரணடைந்ததற்கு அடையாளமாகக் கத்தியைக் கொடுக்கத் தனக்கு அடுத்த ஆளை அனுப்பினார். வாஷிங்டன் அதைத் தொடவில்லை. உன் பக்கம் இரண்டாவது ஆள் வந்தால் என் பக்கமும் இரண்டாவது ஆள்தான் என்று தன் ஆளைக் கை காட்டிவிட்டார். காய்ச்சல் என்று படுத்துக்கொள்கிறவனெல்லாம் ஒரு தளபதியா என்று வருஷக்கணக்கில் என்னை மட்டம் தட்டியவன் துரைராஜ்தான். நான் கோடியைத் தொடவில்லை. மருமகன் சிலம்பரசனை வாங்கச் சொன்னேன்.

அதோடு பேச்சு நின்றது. நானும் போகவில்லை, அவனும் வரவில்லை. சாயங்காலமானால் அவன் வீட்டு வாசல் விளக்கு எரிவது எங்கள் மாடியிலிருந்து தெரியும். அதைப் பார்த்த பிறகுதான் சோறு இறங்கும்.

தை மாதத்தில் பேத்தி இசைப்பிரியா போனில் தேடி ஒரு விஷயத்தைச் சொன்னாள். கார்ன்வாலிஸுக்கும் மனைவி இருந்திருக்கிறாள். அவளுக்கு உடம்பு முடியவில்லை என்று தெரிந்ததும் மனிதர் சண்டையை விட்டுவிட்டுக் கப்பலேறி ஊருக்கே போயிருக்கிறார். அவள் பிழைக்கவில்லை. அப்புறம் அந்த வீட்டில் இருக்க முடியாமல், மறுபடியும் கப்பலேறி அமெரிக்கச் சண்டைக்கே போய்விட்டாராம்.

இத்தனை வருஷத்தில் என் கட்சிக்குக் கிடைத்த ஒரே நல்ல வாதம். அதைச் சொல்லத்தான் ஆள் இல்லை. கேள்வி கேட்டவள் இல்லை. எதிர்க்கட்சிக்காரன் அடுத்த தெருவில் இருந்தான். மருமகனிடம் சொல்லிப் பார்த்தேன். "அப்டீங்களா மாமா" என்று சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். வாதத்தை மறுபடியும் உள்ளே வைத்துக்கொண்டேன்.

போன வாரம் வெண்மதி வந்து, சுதாகருக்கு ராஜஸ்தான் சுரங்கத்துக்கு மாற்றல் ஆகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை அவன் அப்பாவையும் கூட்டிக்கொண்டு எல்லோரும் கிளம்புகிறார்கள் என்றாள். என்னால் முடிந்ததைச் செய்தேன். காய்ச்சலில் விழுந்தேன். அதற்காக ஒரு பகல் முழுக்க அக்குளில் வெங்காயம் வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். தாளிப்பு வாசனை வந்ததே தவிர சூடு ஏறவில்லை. இருந்தாலும் சிலம்பரசனை விட்டு, எனக்கு ரொம்ப முடியவில்லை என்று துரைராஜுக்குச் சொல்லி அனுப்பினேன்.

ரொட்டியும் ஆரஞ்சும் எடுத்துக்கொண்டு சுதாகர் வந்தான். "அப்பா பாத்துட்டு வரச் சொன்னாருங்க மாமா" என்றான். நான் போர்வைக்குள் போய்விட்டேன். அந்த நேரம் பார்த்து வெண்மதி தெர்மாமீட்டரை எடுத்து வெளிச்சத்தில் காட்டி, "ஒண்ணும் இல்லையேப்பா" என்று அவன் முன்னாலேயே சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடிக்குப் போனேன். வெயில் ஏறிவிட்டது. துரைராஜ் வீட்டு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

விளக்கு எரிந்தால் ஆள் இருக்கிறான் என்று நம்பினவர் யார் என்பது எனக்குத் தெரியாதா? கட்டியிருந்த லுங்கியோடு ஓடினேன். இந்த வயதில் நான் ஓடின வேகத்துக்கு டவுன்ஷிப்பில் இரண்டு பஸ் எனக்கு வழி விட்டன.

வாசலில் லாரி நின்றது. கட்டில், பீரோ, மிக்ஸி, தென்னந்துடைப்பம் எல்லாம் ஏறியிருந்தன. நாற்காலிகளும் ஏறிவிட்டதால் உட்கார இடமில்லாமல், துரைராஜ் லாரியில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தான். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். இளைத்திருந்தான். என்னைப் பார்த்தும் பார்வையை நேராகவே வைத்திருந்தான், எதிரே தோண்ட வேண்டிய மண்மலை நிற்கிற மாதிரி.

நான் அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ரிலீவர் வந்துட்டன்" என்றேன்.

அவன் கடிகாரம் இல்லாத மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தான்.

"லேட்டு" என்றான்.

கையில் வேறு எதுவும் இல்லாததால் கார்ன்வாலிஸின் மனைவி கதையைச் சொன்னேன். கப்பலேறிப் போனது, அவள் செத்தது, வீட்டில் இருக்க முடியாமல் திரும்பி வந்தது. அவன் ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"அப்ப தனம் கேட்டதுக்குப் பதில் இருந்துகீது" என்றான். பிறகு, "அன்னிக்கு எனக்குக் காச்சல் இல்லய்யா" என்றான்.

"தெரியும்."

"எப்பிடித் தெரியும்?"

"ரெண்டு வூட்டுக்கும் இருக்கறது ஒரே தெர்மாமீட்டரு. அது எங்க வூட்ல இருந்துச்சி."

அவன் சிரிக்கவில்லை. "கோடிய எடுத்துகினு ஒங்க தெரு மொனை வரைக்கும் வந்தன். போத்தணும்னா மூஞ்சப் பாக்கணும். அண்ணேன்னு கூப்புடாத மூஞ்ச எப்பிடிய்யா பாப்பன்? அங்கியே நின்னுகினு பையன அனுப்புனன்."

நான் வாசலில் எரிந்துகொண்டிருந்த விளக்கைப் பார்த்தேன்.

"வெளக்க ஏன் அணைக்கல?" என்று கேட்டேன்.

"பகல்ல வெளக்கு எரிஞ்சா நீ ஓடியாருவ."

வீட்டுக்குள்ளிருந்து சுதாகர் வந்து, கார் வந்துவிட்டது, ரயிலுக்கு நேரமாகிறது என்றான். துரைராஜ் கதவைத் திறந்து, மெஷினிலிருந்து இறங்குகிற மாதிரியே பின்பக்கமாக, ஒவ்வொரு காலாக வைத்து இறங்கினான். பழக்க தோஷத்தில் நான் அவன் சீட்டுக்கு நகர்ந்து உட்கார்ந்தேன். சீட்டு சூடாக இருந்தது.

கீழே நின்று கதவில் கை வைத்தான். சத்தம் எங்கே, பெல்ட் எங்கே என்று அவன் சொல்ல வேண்டிய நேரம்.

"வாஷிங்டன இனிமே நீயே பாத்துக்க" என்றான். "தோத்துகினேதான் இருப்பான். கலையாம மட்டும் பாத்துக்க."

"அங்க போயி நீ யாருகிட்ட பேசுவ?"

"ஒட்டகம் இருக்குதாம்."

கார் போயிற்று. தெரு முனையில் திரும்புகிற வரைக்கும் அவன் தலை பின்கண்ணாடியில் தெரிந்தது, திரும்பாமல். வாசல் விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

லாரி டிரைவர் வேலுமணி என்று ஒரு பையன். கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டு வந்து, கதவருகே நின்று என்னைப் பார்த்தான். "பெருசு, எறங்குறீங்களா? நான் கெளம்பணுங்க" என்றான்.

ரிலீவர் வரட்டும் என்றேன்.

அவன் தெருவைப் பார்த்தான். யாரும் வரவில்லை. நல்ல பையன். ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு கீழேயே நின்றான்.