மச்சில் ஒரு மேட்னி

போர்ட் பிளேரில் கூரைத் தகரம் விற்கும் ஆவுடையப்பன் தன் வீட்டு மச்சில் தியேட்டர் கட்டுகிறார் என்ற சேதி அவர் குடியிருக்கும் பத்துபஸ்திப் பகுதி முழுக்கப் பரவிவிட்டது. பக்கத்து வீட்டு வங்காளிகூட மதில்மேல் தலையை நீட்டி, "பாய், ஊப்பர் க்யா பன் ரஹா ஹை?" என்று, மேலே என்ன கட்டுகிறார் என இந்தியில் கேட்டார்.

"சினிமா ஹால்."

"டிக்கெட்?"

"ஒரே ஒரு டிக்கெட்தான். அதுவும் கப்பல் டிக்கெட்" என்று ஆவுடையப்பன் தமிழில் முனகிக்கொண்டார்.

கப்பல் டிக்கெட் அவர் மனைவி மங்கையர்க்கரசியினுடையது. புதன்கிழமைக் கப்பலில் சென்னைக்கு, மகள் நளினி வீட்டோடு இருந்துவிடப் போகிறாள். திரும்பி வர டிக்கெட் போடவில்லை. காரணம் கேட்டால் சிரிப்பு வரும். ஆவுடையப்பனுக்கு மட்டும் வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் இருவரும் ஒரு படத்தைக்கூட முழுசாகப் பார்த்ததில்லை. இடைவேளைக்குள் கடையிலிருந்து போன் வரும், அல்லது வராத போனை நினைத்து அவர் எழுந்துவிடுவார். வண்டி ஒன்றுதான் என்பதால் அவளும் எழ வேண்டும்.

"முடிவுதானே வேணும்? போன்ல பாத்துக்கயேன்" என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தார்.

"முடிவு எனக்கு போன்லயே தெரியும். பக்கத்துல ஒரு ஆளு வேணும். அது போன்ல வருமா?"

அப்புறம்தான் அவள் விலை சொன்னாள். "ஒரு படம். டைட்டில்ல இருந்து கடைசி வரைக்கும் எந்திக்காம பக்கத்துல இருங்க. டிக்கெட்டைக் கேன்சல் பண்ணுதேன்."

"இடைவேளையில ஒரே ஒரு தடவை?"

"கிடையாது."

"சரி, சின்னப் படமாப் பாத்து எடு."

"நான் எடுக்கதுதான் படம்."

இருபது வருஷமாகக் கடலைத் தாண்டி வந்த சரக்கில் பேரம் பேசியவருக்கு, பேரம் படியாத ஒரே இடம் வீடுதான். குற்றம் நாற்காலியில் இருக்கிறது என்று முடிவு கட்டினார். நல்ல நாற்காலி, நல்ல இருட்டு, வெளிச்சத்தம் கேட்காத அறை. இவை இருந்தால் எவன்தான் எழுந்து போவான்? தகரக் கூரைக்கும் மரத் தளத்துக்கும் நடுவே பழைய சாக்குகள் கிடந்த மச்சு அவர் கண்ணில் பட்டது இப்படித்தான்.

தச்சர் அந்தோணிமுத்து பெரார்கஞ்சிலிருந்து வந்தார். கூரையைப் பிரித்துப் புதுத் தகரம் போட்டு, அதற்கடியில் கனமான ஃபோம், அதற்கடியில் பிளைவுட் என்று அடித்தார்கள். மழைச் சத்தம் ஒரு பொட்டு உள்ளே வரக்கூடாது என்பது ஆவுடையப்பன் உத்தரவு. திரை, புரொஜெக்டர், சாய்கிற நாற்காலி இரண்டு, எல்லாம் முதல் தரம். தகரத்தை இறுக்கும் திருகாணிக்கு மட்டும் அவர் கை பழக்கதோஷத்தில், வாடிக்கையாளர்கள் திருப்பிக் கொடுத்த மூட்டைக்குள் போயிற்று. விலைபோகாத சரக்குக்கு அந்த வீடுதான் கிடங்கு. ஒடுங்கிய வாளி, கைப்பிடி இல்லாத குடை, கடைசியாக இப்போது ரப்பர் வாஷர் காய்ந்து வெடித்த திருகாணி.

"அண்ணாச்சி, ஊருக்கெல்லாம் புதுசு, வீட்டுக்கு மட்டும் ரிட்டர்னா?" என்றார் அந்தோணிமுத்து.

"நம்ம வீடுதானே வே. யாரு வந்து சண்டைக்கு நிக்கப்போறா?"

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படம். மங்கையர்க்கரசி அவர் போனை வாங்கி, கீழே அரிசி டின்னுக்குள் போட்டு மூடிவிட்டு வந்தாள். ஒரு கிண்ணம் நிறையப் பொரியை அவர் கையில் கொடுத்து, விளக்கை அணைத்தாள்.

டைட்டில் ஓடியது. அறை அப்படி அமைதியாக இருந்தது. அந்த அமைதிதான் அவரைப் படுத்தியது. வெளியே வானம் கறுத்திருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் ஏறி வந்திருந்தார். மழை வந்துவிட்டதா? கடை வாசலில் அடுக்கிய ஷீட்டைப் பையன்கள் மூடினார்களா? காதைத் தீட்டினார். ஒன்றும் கேட்கவில்லை. கால் தானாக ஆடியது. நாற்காலியைச் சாய்த்தார், நிமிர்த்தினார், மறுபடி சாய்த்தார்.

திரையில் யாரோ அழுதபோது, ஒரு சொட்டு அவர் வழுக்கையில் விழுந்தது.

மேலே பார்த்தார். அடுத்த சொட்டு தோளில். பிளைவுட் இணைப்பு வழியாக ஈரம் மெல்ல ஊர்ந்து நகர்ந்தது. எந்தத் திருகாணி என்பதுகூட அவருக்குத் தெரிந்துவிட்டது. அது போகிற திசையில், இரண்டு நாற்காலிக்கும் நடுவே, புரொஜெக்டர் மினுங்கிக்கொண்டிருந்தது. எழுந்து கீழே போய் ஒரு வாளி எடுத்து வந்தால் போதும். எழுந்தால் புதன்கிழமைக் கப்பல்.

பொரியை வேட்டி மடியில் கொட்டிக்கொண்டார். காலிக் கிண்ணத்தைப் புரொஜெக்டருக்கு மேலே கையை நீட்டிப் பிடித்தார். டங். கை கடுத்ததும் மற்றக் கைக்கு மாற்றினார். டங். மங்கையர்க்கரசி திரையைவிட்டுத் திரும்பவேயில்லை. கிண்ணத்தில் பாதி நிறைந்தபோது, எப்படியோ படமும் முடிந்தது.

"எந்திக்கல பாத்தியா!" என்றார், கிண்ணத்தை இறக்காமல்.

"கடைசியில என்னாச்சு?"

"நல்லபடியா முடிஞ்சுது."

"யாருக்கு?"

வியாபாரி தயங்கினால் சரக்கு போச்சு. "ஹீரோவுக்கு" என்று அடித்துவிட்டார்.

"படத்துல ஹீரோவே கிடையாது. ரெண்டு அக்கா தங்கச்சி கதை."

டங்.

"ஆனா நான் எந்திக்கலையே, மங்கை?"

"எந்திக்கல. உக்காரவும் இல்ல."

ஆவுடையப்பன் கை இன்னும் கிண்ணத்தைப் பிடித்திருந்தது. மங்கையர்க்கரசி அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"டிக்கெட்டை அடுத்த கப்பலுக்கு மாத்திக்கிடுதேன்."

"அதையும் அடுத்ததுக்கு மாத்தலாம்லா?" அவரையும் அறியாமல் வாய் பேரத்தில் இறங்கியது.

அவள் கிண்ணத்தை அவர் கையிலிருந்து வாங்கித் தானே பிடித்துக்கொண்டாள். மறு கையால் ரிமோட்டை அமுக்கினாள். மறுபடி டைட்டில் ஓடியது.

"இந்த வாட்டி நான் பிடிக்கேன். நீங்க படத்தைப் பாருங்க."

வெறுங்கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. மடியில் கிடந்த பொரியில் ஒன்றை எடுத்து வாயில் போட்டார். திரையில் இரண்டு சிறுமிகள் ஒரு படகுத்துறையில் ஓடிவந்தார்கள். மூத்தவள் யார், இளையவள் யார் என்று உற்றுப் பார்த்தார்.

"காலை ஆட்டாதிய" என்றாள் மங்கையர்க்கரசி.